துடும்புக்கு எந்த மைக்? கொங்கு நாட்டில் ஒரு ஆல்பம் பாட்டு பதிவாகும் விதம்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து இப்போது வருகிற ஆல்பம் பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டால் பத்துப் பதினைந்து வாத்தியங்களாவது தென்படும். அவற்றில் பலவற்றை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். டிரம்ஸ், பேஸ், வயலின் கூட்டம், பியானோ எல்லாம் ஒருவர் கீபோர்டில் அழுத்திய கட்டைகளாலும் கம்ப்யூட்டர் திரையில் மவுசால் வைத்த புள்ளிகளாலும் உருவானவை. உண்மையிலேயே காற்றில் அதிர்ந்து மைக்குக்குள் போனது பாடுகிறவரின் குரல் மட்டுமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனுடன் இது நம்ம ஊர்ப் பாட்டு என்று காட்ட ஒரு உடுக்கை, ஒரு ஜமாப் மேளம், துடும்பு என்கிற ஆழ்ந்த ஒலியுள்ள மேளம் ஒன்று சேரும்.

என்னைக் கேட்டால், வீட்டு ஸ்டுடியோ வைத்திருப்பவர் தன் பணத்தையும் கவனத்தையும் இந்த இரண்டில்தான் முதலில் போட வேண்டும்: குரல், தோல் வாத்தியம். மீதியெல்லாம் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் கிடைக்கிறது. பர்லினில் இருப்பவரும் பல்லடத்தில் இருப்பவரும் ஒரே சாஃப்ட்வேர், ஒரே பியானோ சாம்பிள்தான் (முன்பே பதிந்து வைத்த ஒலித் துணுக்கு) வைத்திருக்கிறார்கள். ஆனால் துடும்பை எப்படிப் பதிவு செய்வது என்று எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இல்லை. அதை இங்கே இருப்பவர்கள்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஒலிப்பதிவு இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோ, கோவை பட்சிராஜா, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எல்லாம் ஓடிய காலத்தில் படம் எடுக்க, பாட்டுப் பதிய சென்னைக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்ததும், இளைஞராக இருந்த எம்.எஸ். விஸ்வநாதன் தொழில் பழகியதும் கோவையில்தான். அப்போது ஒலி ஃபிலிமில் பதிவானது. மைக் மின்னோட்டமாக மாற்றிய ஒலியை ஒளியின் ஏற்ற இறக்கமாக்கி, ஃபிலிமின் ஓரத்தில் ஒரு கோடாகப் பதிப்பார்கள். பாடுகிறவரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு மைக்குகளைச் சுற்றி நின்றாக வேண்டும். புல்லாங்குழல் கம்மியாகக் கேட்டால் வாசிப்பவர் ஒரு அடி முன்னே வருவார், தபேலா தூக்கலாக இருந்தால் பின்னே போவார். மிக்சிங் என்று இன்று சொல்வதை அவர்கள் கால்களாலேயே செய்தார்கள். கடைசி வரியில் ஒருவர் தவறினாலும் மொத்தப் பாட்டும் முதலிலிருந்து.

இதை உடைத்தது பல தடங்கள் கொண்ட டேப். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் கம்பெனி எட்டுத் தட டேப் ரெக்கார்டரைச் செய்து கொடுத்தது 1957இல். ஒரு தடத்தில் கிட்டார் பதிவாகிவிட்டால், அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் குரலைப் பதியலாம். குரல் பிடிக்கவில்லை என்றால் குரலை மட்டும் அழிக்கலாம். இன்றைய எல்லா ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும் இந்த ஒரே யோசனையின் மேல்தான் நிற்கிறது. டேப்பில் எட்டு, பதினாறு, இருபத்துநான்கு என்று இருந்த தடம் கம்ப்யூட்டரில் கணக்கில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். கியூபேஸ் 1989இலும் புரோ டூல்ஸ் 1991இலும் எஃப்.எல். ஸ்டுடியோ, ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் 1997இலும் வந்தன. இவற்றில் எது நல்லது என்று நடக்கிற சண்டையில் எனக்கு ஈடுபாடு இல்லை. கை பழகியது எதுவோ அதில் எடுக்கலாம்.

இரண்டாவது பெரிய மாற்றம் 1983இல் வந்த மிடி. இதில் ஒலி என்பதே கிடையாது. எந்தக் கட்டை, எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்கிற தகவல் மட்டும் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். வேகத்துக்கு 0 முதல் 127 வரை எண். அந்தத் தகவலைப் பியானோவுக்குக் கொடுத்தால் பியானோவாகவும், வீணை சாம்பிளுக்குக் கொடுத்தால் வீணையாகவும் ஒலிக்கும். யமஹாவின் டி.எக்ஸ்.7 கீபோர்டும் அதே வருடம் வந்தது. 1980களின் நடுவில் இந்தத் தகவல்களை வரிசையாகச் சேமித்துத் தானே வாசிக்கும் சீக்வென்சர் தமிழ் சினிமா இசைக்குள் நுழைந்தது. 1989இல் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் தன் வீட்டோடு ஒட்டியே பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். பெரிய தியேட்டரும் ஐம்பது வயலினும் இல்லாமல் ஓர் அறைக்குள் பாட்டு உருவாகும் என்று இங்கே எல்லோருக்கும் புரிந்தது அதற்குப் பிறகுதான். நம்ம ஊர் ஆர்கெஸ்ட்ரா மேடைகளில் தட்டினால் மின்னணு ஒலி தரும் ரோலண்ட் ஆக்டோபேட் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே ஆள் தபேலா, டோலக், உருமி, டிரம்ஸ் எல்லாம் தட்டியதும் இதே வழியில் வந்ததுதான்.

சரி, அப்படியென்றால் உடுக்கையையும் சாம்பிளாகவே வைத்துக்கொள்ளலாமே? இங்கேதான் நான் மறுக்கிறேன். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரம் அங்கேயே நிற்கும். ஆகவே ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாகப் பதிந்து வைத்தால் முக்கால் பியானோ கிடைத்துவிடும். உடுக்கை அப்படி இல்லை. அதன் ஒடுங்கிய இடுப்பில் ஓடும் கயிற்றைக் கை இறுக்க இறுக்க, ஒரே அடி மேலேறி வளையும். அடுத்த அடி தொடங்கும்போது கயிறு எந்த இறுக்கத்தில் இருக்கிறது என்பது முந்தைய அடியைப் பொறுத்தது. உருமியில் வளைந்த குச்சி தோலை உராயும்போது வருகிற முனகலும் அப்படித்தான், அதற்கு ஆரம்பமும் முடிவும் ஒரு புள்ளியில் இல்லை. தனித்தனி அடிகளாக வெட்டி வைத்த சாம்பிளில் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. கேட்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ ஒட்டவில்லை என்பது மட்டும் தெரிந்துவிடும்.

ஆகவே அதை நேரில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முதல் கருவி மைக் இல்லை, அறை.

கொங்குப் பக்கம் வீட்டு ஸ்டுடியோ என்றால் பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறை. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடி, அதாவது மூன்று மீட்டர் இடைவெளியில் எதிரெதிர் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 56 அதிர்வு) ஒலி நின்று அதிரும். நீளமும் அகலமும் பத்தடி, உயரமும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் அதே 56 ஹெர்ட்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும். அறையின் ஒரு மூலையில் பேஸ் இடிக்கும், நடுவில் நின்றால் காணாமல் போகும். துடும்பு, கிக் டிரம் இரண்டுக்கும் உயிர் இருக்கிற இடமே இந்தப் பகுதிதான். புதிதாகக் கட்டுபவர்கள் அறையைக் கனசதுரமாக இல்லாமல், மூன்று அளவும் வேறுவேறாக வைத்தால் பாதிப் பிரச்சினை செலவில்லாமல் தீரும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதை இன்னமும் பார்க்க முடிகிறது. அது மெல்லிய காகிதம், ஒலியை உறிஞ்சுவதற்கு அதில் கனமே கிடையாது. ஆன்லைனில் வாங்கும் ஓர் அங்குல, இரண்டு அங்குலக் கறுப்பு ஃபோம் உச்ச ஒலியை மட்டும் விழுங்கிவிட்டுக் கீழ் ஒலியை அப்படியே விட்டுவிடுகிறது. விளைவு, மேளம் கம்பளிக்குள் இருந்து அடிப்பது போலக் கேட்கும். கீழ் ஒலியைப் பிடிக்கக் கனமான, நார் நிறைந்த பொருள் வேண்டும். நான்கு அங்குலத்துக்குக் குறையாத ராக்வுல் (பாறை இழை) பலகை, சுவருக்கும் அதற்கும் நடுவில் இன்னும் நான்கு அங்குலக் காற்று, மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை. இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். பொள்ளாச்சியில் தென்னை நார் மெத்தையும், மில்களைச் சுற்றிப் பருத்திக் கழிவும் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டும் நன்றாகவே உறிஞ்சும், ஆனால் இரண்டும் தீப்பிடிக்கும். மின்கருவிகள் நிறைந்த மூடிய அறையில் அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம். பவானி ஜமக்காளத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் திரைபோலத் தொங்கவிட்டால் குரலுக்கு வருகிற எதிரொலி கணிசமாகக் குறையும். சுவரோடு ஒட்டி மாட்டினால் அந்தப் பலன் பாதியாகிவிடும்.

இதெல்லாம் உள்ளே இருக்கும் ஒலியைச் சரிசெய்ய. வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு வேலை. சோமனூரிலோ பள்ளிபாளையத்திலோ பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால், அந்தச் சத்தம் காற்று வழியாக வருவதோடு தரை வழியாகவும் ஏறி மைக் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். ஃபோம் எத்தனை ஒட்டினாலும் அது நிற்காது. கனமான சுவர், கதவின் நான்கு பக்கமும் காற்றுப் புகாத ரப்பர், ஸ்டாண்டுக்கு அடியில் தடிமனான மேட், மைக்குக்கு அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஷாக் மவுண்ட். இவை எதுவும் முடியாவிட்டால் தறி நிற்கிற நேரத்தில் பதிவை வைத்துக்கொள்வதுதான் வழி. தறிக்காரரிடம் போய் "அண்ணா, ஒரு மணி நேரம் நிறுத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டு, அவர் நிறுத்திக் கொடுத்த நேரத்தில் பதிவான குரல்கள் இங்கே நிறைய உண்டு.

மின்சாரமும் இதே கதை. கோவை மோட்டார் ஊர். ஒரே லைனில் பம்பு செட்டும் கிரைண்டரும் லேத்தும் ஓடும்போது ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதன் மடங்குகளான 100, 150உம் வந்து உட்காரும். கரியும் உப்பும் போட்டு ஒழுங்காக இறக்கிய எர்த் குழி, ஸ்டுடியோவின் எல்லாக் கருவிக்கும் ஒரே இடத்திலிருந்து மின் இணைப்பு, ஆன்லைன் யு.பி.எஸ். என்று ஆரம்பிக்கலாம். கேபிளும் முக்கியம். எக்ஸ்.எல்.ஆர். கேபிளுக்குள் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில், ஒன்று நேராகவும் இன்னொன்று தலைகீழாகவும் போகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றைத் திருப்பிக் கூட்டும்போது ஒலி இரட்டிப்பாகும், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மைக் கேபிள் ஐம்பதடி போனாலும் சுத்தமாக இருப்பதும், கிட்டார் கேபிள் பதினைந்தடியிலேயே முனக ஆரம்பிப்பதும் இதனால்தான்.

இப்போது மைக். டைனமிக், கண்டென்சர் என்று இரண்டு வகை போதும். டைனமிக்கில் ஒலி ஒரு சவ்வை அசைக்க, அதோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்குள் ஆடி மின்சாரம் உண்டாகும். சுருளின் எடையால் நுணுக்கமான உச்ச ஒலிகளுக்கு அது கொஞ்சம் மந்தம், ஆனால் எவ்வளவு சத்தத்தையும் தாங்கும். கண்டென்சரில் மிக மெல்லிய சவ்வும் அதன் பின்னே ஒரு தகடும் மட்டும். மூச்சு இழுப்பது வரை பிடிக்கும், அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே போக வேண்டும். கூடவே அறையின் எல்லாக் குறையையும் சேர்த்துப் பிடிக்கும். பலர் முதல் சம்பளத்தில் விலை கூடிய கண்டென்சரை வாங்கி, வெற்றுச் சுவர் அறையில் வைத்து, மின்விசிறிச் சத்தத்தையும் குக்கர் விசிலையும் சேர்த்துப் பதிவு செய்கிறார்கள். அறை சரியாகும் வரை குரலுக்கும் ஒரு நல்ல டைனமிக் மைக்கே பாதுகாப்பு.

மேளத்துக்கு 1960களில் வந்த ஷூர் எஸ்.எம்.57 இன்றைக்கும் என் முதல் தேர்வு. ஆனால் எங்கே வைப்பது? மேற்கத்திய டிரம்சுக்குச் சொல்லப்படும் வழி, தோலிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைப்பது. துடும்பில் அப்படி வைத்தால் குச்சி படும் 'டப்' மட்டும் வரும், அந்த உடல் வராது. அதன் ஆழ்ந்த ஒலி உருவாகி விரியக் கொஞ்சம் தூரம் வேண்டும். அருகில் ஒரு எஸ்.எம்.57, நாலைந்து அடி தள்ளி ஒரு கண்டென்சர் என்று இரண்டையும் பதிந்து, பின்னால் கலந்துகொள்வது நல்ல பலன் தருகிறது. கண்டென்சரில் சத்தத்தைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் போட்டுவிட வேண்டும்.

தவில், பம்பை, உருமி மாதிரி இருபுறமும் தோல் உள்ளவற்றுக்கு இரண்டு மைக் வைப்போம். ஒரு பக்கம் மைக்கை நோக்கிக் காற்று தள்ளப்படும் அதே கணத்தில் மறுபக்கம் உள்ளிழுக்கப்படலாம். அப்போது இரண்டு தடங்களையும் சேர்த்துக் கேட்டால் அடிவயிறு காணாமல் போகும். ஒரு தடத்தில் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை அழுத்திப் பார்த்து, எதில் கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டன் வேலைதான். இதைச் செய்யாமல் ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் பேஸை ஏற்றிக்கொண்டே போனால் வெறும் இரைச்சல்தான் சேரும்.

தப்பட்டை அடிப்பவர்கள் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றிக்கொள்வார்கள். அறைக்குள் வந்து பத்து நிமிடத்தில் சூடு இறங்க, சுருதியும் இறங்கும். முதல் தடவைப் பதிவான டேக்கையும் எட்டாவது டேக்கையும் வெட்டி ஒட்டினால் இரண்டு வேறு தப்பட்டைகள் போல ஒலிக்கும். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒற்றை அடி ஒன்றை அடிக்கச் சொல்லிப் பதிந்து வைத்தால், எப்போது மறுபடி காய்ச்ச வேண்டும் என்று தெரிந்துவிடும். ஃபைபர் தோலில் இந்தத் தொல்லை இல்லை என்று இப்போது பலர் மாறிவிட்டார்கள். அது நியாயம்தான், ஆனாலும் அடி விழுந்த பிறகு தோல் விடுகிற அந்தச் சின்ன மூச்சு ஃபைபரில் வராது. முடிந்தால் தோலைக் காய்ச்சியே எடுக்க வேண்டும் என்பேன்.

ஜமாப் முழுக் குழுவையும் பத்துக்குப் பத்து அறையில் அடைக்கவே கூடாது. காலியான கல்யாண மண்டபமோ தென்னந்தோப்போ பார்க்கலாம். தோப்பில் எதிரொலியே இருக்காது என்பதால் பின்னால் வேண்டிய இடத்துக்கு ஒலியைக் கொண்டுபோகலாம். காற்றுக்கு மைக்கின் மேல் தடித்த பஞ்சுறை வேண்டும், மயில் அகவாத நேரமாகப் பார்க்க வேண்டும். குழுவுக்கு எட்டுப் பத்தடி முன்னால் இரண்டு கண்டென்சர்கள், நடுவில் 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி விரிவு. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த அளவு இது, இரண்டு காதுகளின் இடைவெளியை ஒட்டியது. மிகப் பெரிய சத்தத்தையும் வெட்டாமல் எண்ணாக்கும் 32 பிட் ஃப்ளோட் வகைக் கையடக்க ரெக்கார்டர் இருந்தால் திடீரென்று எகிறும் அடியைப் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். மைக்கே உடைந்துபோன ஒலியை மட்டும் எதுவும் காப்பாற்றாது.

கும்மிக் கைதட்டலும் இப்படித்தான். சாஃப்ட்வேரில் இருக்கும் கைதட்டல் ஒலி பலவும் 1980இல் வந்த ரோலண்ட் டி.ஆர்.808 இயந்திரத்தின் வாரிசுகள். அதில் கை என்பதே இல்லை, அடுத்தடுத்து மிக வேகமாக விடப்படும் சில இரைச்சல் துணுக்குகள்தான். கும்மி ஆடும் அக்காமார் ஏழெட்டுப் பேரை வட்டமாக நிற்கவைத்து, ஆறடி தள்ளி மைக் வைத்து, இடம் மாற்றி மாற்றி மூன்று முறை பதிந்து அடுக்கினால் இருபது பேருக்கு மேற்பட்ட வட்டமே வந்துவிடும். ஒருவர் கை கொஞ்சம் முந்தும், ஒருவர் கை பிந்தும். அந்தச் சிறு விலகல்கள்தான் கூட்டம் என்ற உணர்வைத் தருகின்றன. தயவுசெய்து அதைச் சாஃப்ட்வேரில் நேராக்கிவிட வேண்டாம்.

உடுக்கைப் பாட்டுக்காரரைப் பதிவதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதே அளவுக்கு முக்கியம். 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக், கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையைப் பாடகர்களின் வாயிலிருந்தே டேப்பில் பதிந்தார். இரவு இரவாக நீளும் கதை அது. அப்படிப் பாடுகிற ஒருவரை மூன்று நிமிட ஆல்பம் பாட்டுக்கு அழைக்கும்போது நாம் செய்கிற முதல் காரியம், ஹெட்ஃபோனை மாட்டி, தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைப் போட்டு, "இந்த சுதிக்குப் பாடுங்கய்யா" என்பது. அவர் சுருங்கிப்போகிறார். இதைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் கிளிக் இல்லாமல் அவர் பாட்டுக்குப் பாடட்டும். அவருடைய சுதி கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருந்தால் கீபோர்டைத்தான் நகர்த்த வேண்டும். அரை ஸ்வரத்தை நூறு சென்ட்டாகப் பிரித்து எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். வேகத்தையும் பாட்டைப் பார்த்துப் பின்னால் கோடு போடுகிற வசதி பெரும்பாலான சாஃப்ட்வேரில் இருக்கிறது. குரலுக்கு ஒரு மைக்கும் உடுக்கைக்கு ஒரு மைக்கும் வைத்து, ஒன்றின் முதுகு மற்றொன்றைப் பார்க்கும்படி திருப்பினால் கலப்பு குறையும். முழுதாகப் போகாது, போக வேண்டியதும் இல்லை.

இந்த மைக்குகளெல்லாம் வந்து சேரும் பெட்டி ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக் கொடுக்கும் மிகச் சிறிய மின் அழுத்தத்தைப் பெருக்கி, வினாடிக்கு 44,100 அல்லது 48,000 தடவை அளந்து எண்ணாக்கும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதைப் பிடிக்க இருமடங்குக்குக் கொஞ்சம் மேலே அளந்தால் போதும் என்பதே 44,100க்குக் காரணம். 192,000 என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். 24 பிட் மட்டும் கட்டாயம். அதில் எடுத்தால் லெவலைச் சிவப்பு விளக்கு வரை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை, உச்சம் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி நின்றாலே தாராளம்.

பாடும்போது தன் குரல் தனக்கே பிந்திக் கேட்கிறது என்று பலர் திணறுவார்கள். கம்ப்யூட்டர் ஒலியைக் கட்டுகட்டாக வாங்கிக் கொடுப்பதால் வருகிற தாமதம் இது. 48,000 வேகத்தில் 1,024 அளவு பஃபர் (ஒரு கட்டின் அளவு) என்றால் போகும்போதே 21 மில்லி வினாடி, திரும்பும்போதும் அதே அளவு. 128க்கு இறக்கினால் ஒரு வழிக்கு மூன்று மில்லி வினாடிக்கும் குறைவு. பதிவின்போது 128, மிக்சிங்கின்போது 1,024 என்று மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். பழைய கம்ப்யூட்டர் திணறினால் இன்டர்ஃபேசிலேயே இருக்கும் டைரக்ட் மானிட்டர் பட்டனைப் பயன்படுத்தலாம். ஹெட்ஃபோன் காதை முழுக்க மூடுகிற வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கிளிக் சத்தம் கசிந்து குரலோடு சேர்ந்துவிடும்.

ஆல்பம் குரலுக்கு மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் பாப் ஃபில்டர். 'ப'வில் தொடங்கும் சொற்களில் உதடு திறந்ததும் ஒரு கொத்துக் காற்று மைக்கில் மோதும், அதை உடைக்கத்தான் அந்தத் துணி வளையம். நெருங்க நெருங்கக் குரலில் கீழ் ஒலி கூடும். காதல் பாட்டுக்கு அது அழகு, வேகப் பாட்டுக்குச் சொல் மழுங்கும். பல்லவியை இரண்டு மூன்று முறை ஒரே மாதிரிப் பாடவைத்து இடது வலதாக அடுக்குவதை டபுள் என்கிறோம். ஒரே டேக்கை நகலெடுத்துப் போட்டால் இந்த அகலம் கிடைக்காது.

சுருதி தவறிய குரலைத் திருத்தும் ஆட்டோ டியூன் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1997இல் அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் வளத் தேடலுக்காகப் பூமி அதிர்வுத் தரவுகளை அலசியவர். அதே வகைக் கணக்கைத்தான் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார். வழக்கமான அமைப்பில் கருவி பன்னிரண்டு ஸ்வரத்தைத்தான் அறியும். நம் பாட்டில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற இடமெல்லாம் அதற்குத் தப்பாகத்தான் தெரியும். திருத்தும் வேகத்தை முழுக்க ஏற்றினால் அந்த வழுக்கலைப் படிக்கட்டாக வெட்டிவிடும். ராப் பாட்டுக்கு அது ஒரு ஸ்டைல், வேண்டுமென்றே செய்யலாம். நாட்டுப்புறக் குரலில் அதைப் போடுவது எனக்குச் சகிக்காது. தவறிய ஒன்றிரண்டு ஸ்வரங்களைக் கையால் திருத்தினாலே போதும்.

மிக்சிங்கில் குரலுக்கு 80 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டு, பிறகு கம்பிரசர். வாய்க்காலில் தண்ணீர் ஏறும்போது மடையை இறக்கி, குறையும்போது தூக்குகிற ஆள் மாதிரி, குரல் எகிறும்போது அது அமுக்கிப் பிடிக்கும். நான்குக்கு ஒன்று என்று வைத்தால், எல்லையைத் தாண்டி நான்கு டெசிபல் ஏறியது ஒரு டெசிபலாக வெளியே வரும். மேளத்தில் கம்பிரசரின் தொடக்க நேரத்தைக் கொஞ்சம் தாமதமாக வைத்தால்தான் முதல் அடியின் கூர்மை தப்பிக்கும். எதிரொலிக்குச் சாஃப்ட்வேரில் ஐரோப்பிய தேவாலயங்கள் நிறைய உண்டு. அனுமதி வாங்கி ஒரு பழைய கல் மண்டபத்தில் பலூனை உடைத்துப் பதிந்தால் அந்த மண்டபத்தின் எதிரொலியையே உங்கள் பாட்டுக்குப் பூசலாம். கன்வல்யூஷன் ரிவர்ப் என்ற பிளகின் (சாஃப்ட்வேரோடு சேர்க்கும் துணைக் கருவி) அதற்குத்தான்.

கடைசியில் பாட்டு எங்கே கேட்கப்படும்? ஸ்டுடியோ மானிட்டரில் இல்லை. ஒருபக்கம் செல்போன், மறுபக்கம் கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்குக் கட்டும் மைக் செட். செல்போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்சுக்குக் கீழே அனேகமாக எதுவும் வராது. பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், துடும்பும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதன் மடங்கு ஒலிகள் கேட்டால் இல்லாத அடி ஒலியை மூளையே நிரப்பிக்கொள்ளும். அதனால் பேஸ் கிட்டாரிலும் துடும்பிலும் லேசாகச் சேச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் விளைவு) சேர்த்து மேல் மடங்குகளைத் தூக்கிவிட வேண்டும். குச்சி படும் ஒலியையும் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தால் போனிலும் மேளம் நிற்கும்.

கோயில் கூம்பு ஸ்பீக்கர் வேறு விதம். அது மோனோ. இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடும். ஸ்டீரியோவில் அகலமாகக் கேட்பதற்காக ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்த கோரஸ், கூம்பில் மொத்தமாக மறைந்துபோகும். பாட்டை முடிப்பதற்கு முன் மோனோ பட்டனை அழுத்தி ஒரு தடவை கேட்டே ஆக வேண்டும். பல்லவியின் சொற்கள், மேளம், கைதட்டல் மூன்றும் அப்போதும் தெளிவாக இருந்தால் பாட்டு தயார்.

வெளியிடுவதற்கு முன் செய்யும் கடைசி மெருகான மாஸ்டரிங்கில் சத்தத்துக்காகப் பாட்டை நசுக்க வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்கு எல்லாப் பாட்டையும் சமமாக்கிவிடுகிறது, யூடியூபும் அதிகச் சத்தத்தைத் தானே இறக்கிவிடும். நீங்கள் மைனஸ் 7க்கு நசுக்கிக் கொடுத்தால் சத்தம் திரும்ப இறங்கும், நசுங்கிய மேளம் மட்டும் அப்படியே நிற்கும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி, 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். குரல் இல்லாத வடிவம் ஒன்று, குரல், மேளம், மீதி வாத்தியம் என்று பிரித்த ஸ்டெம் கோப்புகள், எதுவும் சேர்க்காத மூலப் பதிவுகள் ஆகியவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கும்மிக் குழுவினர் ஆடுவதற்காகக் கேட்டால், குரல் இல்லாத வடிவத்தின் தொடக்கத்தில் நான்கு தட்டுச் சேர்த்துத் தனியாக ஒன்று கொடுத்துவிடலாம். முதல் அடியை எல்லோரும் ஒன்றாக வைக்க அந்த நான்கு தட்டு தேவைப்படும்.